பழைய கணினியில் கிளவுட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அலுவலகக் கணினியில் விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். ஒன்டிரைவ் ஃபோல்டரில்தான் எல்லாக் கணக்கையும் சேமிக்கிறோம். கைப்பேசியில் திறந்தால் மிகப் பழைய ஃபைல்கள் மட்டுமே இருக்கின்றன. இன்டர்நெட் நன்றாகத்தான் வருகிறது. என்ன கோளாறு?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் பக்கம் எந்தக் கோளாறும் இல்லை. விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றில் தனிநபர் கணக்குக்கான ஒன்டிரைவ் செயலி கிளவுடுக்கு (இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துக்கு) ஃபைல் அனுப்புவதை 2022 மார்ச் 1-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஃபோல்டர் மட்டும் பழையபடி இருப்பதால் பேக்கப் போய்க்கொண்டிருக்கிறது என்றே பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஹார்டு டிஸ்க் போனால் அந்தத் தேதிக்குப் பிந்தைய எதுவும் மிஞ்சாது. ஆகவே இன்றே இதைச் செய்யுங்கள்.

முதலில் அந்த ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். பிறகு பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்தைத் திறந்து, கடைசியாக மாறிய தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். எந்தத் தேதியில் நின்றிருக்கிறதோ, அதற்குப் பின் மாறிய ஃபைல்களை மட்டும் அப்லோடு செய்தால் போதும். அதே பெயரில் ஃபைல் இருக்கிறது என்று கேட்டால் ‘ரீப்ளேஸ்’ கொடுக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுங்கள். இடையில் யாராவது கைப்பேசியில் அதே ஃபைலைத் திருத்தியிருக்கலாம்.

கூகுள் டிரைவுக்கு மாறினாலும் இதே கதைதான். அதன் கணினிச் செயலி 2023 ஆகஸ்டில் விண்டோஸ் 8, 8.1-ஐயும் 32 பிட் விண்டோஸ் அனைத்தையும் கைவிட்டது. விண்டோஸ் 7-ஐ அதற்கு முன்பே கைவிட்டாயிற்று. எனவே உங்களுக்கு மிஞ்சியிருப்பது பிரவுசர் வழி. குரோம் விண்டோஸ் 7-க்கு 109-ஆம் பதிப்போடு, 2023 தொடக்கத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் நெடுநாள் பாதுகாப்புத் திருத்தங்கள் பெற்றது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 ஈஎஸ்ஆர் என்பதால் அதையே போடுங்கள். 2 ஜிபி ராமில் அப்லோடு நடக்கும்போது வேறு டேப் எதுவும் திறந்திருக்கக் கூடாது.

தினமும் தானாகப் போக வேண்டும் என்றால் ஃபைல்களைக் கிளவுடுக்கு அனுப்பும் ஆர்குளோன் (rclone) என்ற இலவச நிரல் இருக்கிறது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு 1.63.1, அதைவிடப் புதியது திறக்காது. கட்டளை வரி பழக்கம் உள்ள ஒருவரை வைத்து ஒருமுறை அமைத்து, குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் மாலை நேரத்துக்கு வைத்துவிடுங்கள். அதில் ‘சிங்க்’ கட்டளை வேண்டாம், ‘காப்பி’ போதும். ‘சிங்க்’ கொடுத்தால் கணினியில் அழிந்த ஃபைலைக் கிளவுடிலும் அழித்துவிடும்.

கேள்வி: எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வருகிறது. டிரைவுக்குள் நுழையவே முடியவில்லை.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 என்றோ 2010 என்றோ காட்டினால் விஷயம் அவ்வளவுதான். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி இருக்கும் ‘2010’-இல் அந்தச் சான்றிதழ் பிறக்கவே இல்லை என்பதால் பிரவுசர் மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் உடனே சரியாகும். ஸ்விட்சை அணைத்துப் போட்டதும் மறுபடி பழைய தேதிக்குப் போனால் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். பவர் ஒயரைக் கழற்றிவிட்டு, எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாட்டுங்கள்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் மறுத்தால், தளங்களின் சான்றிதழ்களுக்கு உத்தரவாதம் தரும் மூலச் சான்றிதழ்கள் உண்டு, விண்டோஸிடம் உள்ள அந்தப் பட்டியல் பழையதாகிவிட்டது. பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே வைத்திருப்பதால் அதில் பெரும்பாலும் திறந்துவிடும்.

கேள்வி: எங்கள் பாடசாலைக் கணினி அறையில் விண்டோஸ் 7. டிரைவிலிருந்து பாடக் கோப்புகளை மொத்தமாக இறக்கினால் ஸிப் ஆக வருகிறது. விரித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாகி விடுகின்றன.
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸிப்புக்குள் பெயர்கள் யூனிகோடில் இருக்கின்றன. விண்டோஸ் 7-உடன் வரும் ஸிப் வசதி அதைச் சரியாகப் படிப்பதில்லை. 7-ஸிப் என்ற இலவச நிரலை நிறுவி, அதே ஸிப்பை வலது கிளிக் செய்து அதன் வழியாக விரியுங்கள், பெயர்கள் தமிழிலேயே வரும். ஏற்கெனவே குழம்பிய பெயரோடு விரித்தவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அழித்துவிட்டு மறுபடி விரியுங்கள்.

கேள்வி: அச்சகம் நடத்துகிறேன். பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் ஃபான்ட் எல்லாம் எக்ஸ்பி கணினியில்தான் இருக்கின்றன, மாற்ற வழியில்லை. அதில் கிளவுடைக் கொண்டுவர முடியுமா? புது விண்டோஸ் 11 கணினியும் வாங்கியிருக்கிறேன், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே மாட்டேன் என்கின்றன.
– வாசகர், சிவகாசி

பதில்: எக்ஸ்பியைத் தொழிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இன்டர்நெட்டுக்கு வேண்டவே வேண்டாம். அதற்கான திருத்தங்கள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. குறுக்கு வழியில் ஒரு பிரவுசரை ஓட வைத்தாலும், அதில் மெயில் பாஸ்வேர்டு அடிப்பது கடைச் சாவியைத் தெருவில் வைப்பது போலத்தான். கிளவுட் வேலை முழுவதையும் புதுக் கணினி பார்க்கட்டும்.

இரண்டும் பார்த்துக்கொள்ளாததற்குக் காரணம், எக்ஸ்பிக்குத் தெரிந்த ஃபைல் பகிர்வு முறை எஸ்எம்பி 1 மட்டுமே. புதிய விண்டோஸ் அதை மூடி வைத்திருக்கிறது. ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ போய் அதைத் திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் ஃபைல்களைப் பூட்டிய வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த வழியாகத்தான்.

அதற்குப் பதில் கணினிகளுக்கிடையே ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி வைத்துக்கொள்ளலாம். புதுக் கணினியில் ஃபைல்ஜில்லா சர்வர் நிறுவி, ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி உள்ள ஒரு யூசரை உருவாக்குங்கள். எக்ஸ்பிக்குப் புதிய குறியாக்கம் தெரியாது என்பதால் சாதாரண எஃப்டிபியையும் அனுமதிக்க வேண்டும். போர்ட் 21, பாசிவ் வரம்பாக (ஃபைலும் பட்டியலும் போய்வரும் போர்ட்கள்) 50000 முதல் 50100 வரை கொடுத்து, இரண்டையும் ஃபயர்வாலில் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இந்தப் பாசிவ் வரம்பை மறப்பதால்தான், லாகின் ஆகியும் ஃபைல் பட்டியல் வராமல் பலர் திண்டாடுகிறார்கள். ரவுட்டரில் புதுக் கணினிக்கு 192.168.1.10 போல ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஒருநாள் முகவரி மாறி வேலை நின்றுவிடும்.

எக்ஸ்பியில் முகவரியைக் கையால் கொடுங்கள்: 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0. ‘டிஃபால்ட் கேட்வே’, ‘டிஎன்எஸ்’ இரண்டையும் காலியாக விடுங்கள். உள் நெட்வொர்க் ஓடும், வெளி இன்டர்நெட் எட்டாது. பிறகு மை கம்ப்யூட்டர் முகவரிப் பட்டையில் எஃப்டிபி முகவரியை (ftp://192.168.1.10) அடித்தால் சாதாரண ஃபோல்டர் போலத் திறக்கும். ஃபைல் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஃபைலை அங்கிருந்தே திறந்து வேலை பார்க்காதீர்கள். டெஸ்க்டாப்புக்கு இழுத்து, முடித்துச் சேமித்துவிட்டு, திரும்பப் போடுங்கள்.

அந்த ஒரு ஃபோல்டரையே புதுக் கணினியின் கூகுள் டிரைவ் செயலியில் சேர்த்துவிட்டால், எக்ஸ்பியில் முடித்த வேலை தானாகக் கிளவுடுக்குப் போய்விடும். பேஜ்மேக்கர் ஃபைல் கெட்டுப்போனால் முந்தைய நாளுடையதை டிரைவின் பழைய பதிப்புகளிலிருந்து மீட்கலாம்; 30 நாள் அல்லது 100 பதிப்பு வரை அவை இருக்கும்.

வாடிக்கையாளருக்கு லிங்க் அனுப்பும்போது பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள், அதுவும் ஃபான்ட்களைப் பிடிஎஃப்புக்குள்ளேயே சேர்க்கும் ‘எம்பெட் ஆல் ஃபான்ட்ஸ்’ கொடுத்து. உங்கள் பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. ஃபான்ட் உள்ளே இல்லாவிட்டால் மணமக்கள் பெயருக்குப் பதில் அவர் கண்ணில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் படும்.

கேள்வி: 6 ஜிபி கல்யாண வீடியோ. பழைய கணினியில் அப்லோடு பாதியில் அறுந்துவிடுகிறது. 32 ஜிபி பென்டிரைவிலும் ஏறமாட்டேன் என்கிறது.
– ஸ்டுடியோ உரிமையாளர், தஞ்சாவூர்

பதில்: பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்தால் ஏறும்.

அப்லோடுக்கு 7-ஸிப்பில் ‘ஆட் டு ஆர்கைவ்’ திறந்து, கம்ப்ரஷன் அளவை ‘ஸ்டோர்’ என்று வையுங்கள். வீடியோ ஏற்கெனவே சுருங்கியது, மேலும் சுருங்காது. பழைய பிராசஸர் வீணாகத்தான் சூடாகும். ‘ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்’ கட்டத்தில் 500எம் என்று கொடுத்தால் 001, 002 என்று துண்டுகள் கிடைக்கும். அறுந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் மறுபடி ஏற்றினால் போதும். பெறுபவர் எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் இறக்கி, 001-ஐ மட்டும் திறக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் வீடியோ முழுமையாக விரியாது, அதனால் மொத்தம் எத்தனை துண்டு என்பதை லிங்க்கோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள்.