டிக்கிக்குள் ஐந்தாவது சக்கரம்: வாசகர் கேள்வி பதில்

ஸ்டெப்னி டயர் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் தருகிறோம். எழுதியவர்களின் ஊர்ப்பெயர் மட்டும் தரப்பட்டுள்ளது.

இரண்டு வருஷமாக ஸ்டெப்னியைத் தொடவே இல்லை. நாங்குநேரி பக்கம் ஒரு டயர் பஞ்சரானபோது எடுத்து மாட்டினால் அதுவும் அமுங்கிக்கொண்டு நின்றது. காற்று பார்த்தால் 12 தான் இருந்தது. டயரில் ஓட்டை எதுவும் இல்லை என்கிறார் பஞ்சர் கடை அண்ணாச்சி. ஓடாத டயரில் காற்று எப்படி இறங்கும்?
– வாசகி, வள்ளியூர்

அண்ணாச்சி சொன்னது சரிதான். ஓட்டையே இல்லாத டயரிலும் ரப்பர் வழியாகவும் வால்வு வழியாகவும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொண்டாலே இரண்டு வருஷத்தில் இருபதுக்கு மேல் போய்விடும். 33 வைத்த டயர் 12க்கு வந்ததில் வியப்பில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முன் டயர், பின் டயர், ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அதிலுள்ள பெரிய எண்ணோடு 4 அல்லது 5 சேர்த்து ஸ்டெப்னியில் வையுங்கள். 33 என்றால் 38. மாட்டும்போது கூடுதலை இறக்கிவிடலாம். நடுரோட்டில் ஏற்றுவதுதான் கஷ்டம். ஸ்டிக்கரில் ஸ்டெப்னிக்கென்று தனி எண் இருந்தால் அதுவே கணக்கு. அகலம் குறைந்த தற்காலிக டயர்களுக்கு 60 பி.எஸ்.ஐ. வரை கேட்பார்கள். அதில் வழக்கமான 33 வைத்தால் அது காற்று இல்லாத டயர்தான்.

பங்க்கில் காற்றுப் பிடிக்கும்போது "அஞ்சாவதும் பாருங்க" என்று சொல்லி டிக்கியைத் திறந்துவிடுங்கள். மாதம் ஒருமுறை முடியாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். காலையில், வண்டி சூடேறும் முன் பார்ப்பது நல்லது. வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும். சித்திரை வெயிலில் மூடிய டிக்கிக்குள் கிடந்த டயரை மதியம் அளந்தால் கேஜ் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

உவரி போகும் வழியில் தேரி (செம்மணல் மேடு) மணலில் டயர் மாற்ற வேண்டியதாயிற்று. ஜாக்கி ஏற ஏற மண்ணுக்குள் போகிறதே தவிர வண்டி எழும்பவில்லை. கடைசியில் டிராக்டர் வைத்து இழுத்தோம். தேரியில் டயர் மாற்ற முறை இருக்கிறதா?
– வாசகர், திசையன்விளை

இருக்கிறது. ஆனால் முதல் பதில், தேரியில் மாற்றாதீர்கள் என்பதே. ஐம்பது நூறு அடிக்குள் கெட்டியான தரையோ தார்ச்சாலை ஓரமோ இருந்தால் நடை வேகத்தில் உருட்டி அங்கே கொண்டுபோங்கள். காற்றில்லாமல் உருண்டால் டயரின் பக்கச்சுவர் கெட்டுப்போகலாம். போகட்டும். டயரை விலைக்கு வாங்கலாம், ஜாக்கி சரிந்தால் நசுங்கும் கையை வாங்க முடியாது.

வேறு வழியே இல்லையென்றால் பலகை வேண்டும். காரோடு தரும் கத்தரி ஜாக்கியின் அடித்தகடு கையகலம்தான். சுமார் 80 சதுர சென்டிமீட்டர். ஒரு மூலையைத் தூக்கும்போது அதில் இறங்கும் பாரம் 350 கிலோ என்று வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாலு கிலோவுக்கு மேல் வருகிறது. தேரி மணல் அதைத் தாங்காது. ஒரு அடிக்கு ஒரு அடி பலகையைக் கீழே வைத்தால் அதே பாரம் 900 சதுர சென்டிமீட்டரில் பரவி, அரை கிலோவுக்கும் கீழே வந்துவிடும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அப்படி இரண்டு துண்டு வெட்டி ஸ்டெப்னிக்குப் பக்கத்திலேயே போட்டுவையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம். பாரம் ஏறியதும் பிளந்துவிடும். பனங்கைத் துண்டும் நிலையாக உட்காராது.

இனி வரிசை. எல்லாரும் இறங்க வேண்டும். ஹேண்ட் பிரேக், முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'. நாலு பக்கமும் மின்னும் விளக்கைப் போடுங்கள். முக்கோணப் பலகையை ஐம்பது மீட்டராவது பின்னால் தள்ளி வையுங்கள். மாற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். ஸ்டெப்னி, ஸ்பேனர் எல்லாவற்றையும் வண்டியைத் தூக்கும் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டியின் டிக்கியிலிருந்து பதினைந்து கிலோ சக்கரத்தை இழுப்பதுதான் பலமுறை வண்டியைச் சரிக்கிறது.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுழலும், வண்டி ஆடும். பொலபொலப்பான மேல்மணலை வழித்துவிட்டு, அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, பலகையை மட்டமாக வையுங்கள். கதவுக்குக் கீழே ஓரத் தகட்டில் சக்கரத்தை ஒட்டி இரண்டு வெட்டுக் குறிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். தள்ளி வைத்தால் தகடு மடங்கும். வண்டி எழும்பத் தொடங்கியதும் ஸ்டெப்னியைப் படுக்கவைத்து ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டிக்கடியில் தள்ளிவிடுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். பிறகு கழற்றிய டயரை அந்த இடத்தில் வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுங்கள். எந்த நேரத்திலும் ஆள் கீழே போகக் கூடாது.

நட்டெல்லாம் கழன்றும் சக்கரம் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால், ஜாக்கியில் நிற்கும்போது உதைக்காதீர்கள். நட்டுகளைக் கையால் மாட்டி ஒரு சுற்று தளர்வாக விட்டு, வண்டியை இறக்கி, நாலைந்து அங்குலம் மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். துருப்பிடி விட்டுவிடும்.

மாட்டும்போது நட்டின் கூம்புப் பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் கையால் திருகி, டயர் தரையைத் தொட்டபின் ஸ்பேனரால் எதிரெதிராக இறுக்குங்கள். அடுத்தடுத்து இறுக்கினால் சக்கரம் கோணலாக உட்காரும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கேட்பார்கள். சரியான எண் கையேட்டில் இருக்கும். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் நாற்பது கிலோ அழுத்தம் கொடுத்தால் அது கிடைக்கும். கழற்றும்போது ஸ்பேனர்மேல் ஏறி நிற்கலாம். இறுக்கும்போது நின்றால் அளவு மீறி மறை (திருகின் புரி) இழுபடும். மறையில் எண்ணெய், கிரீஸ் தடவுவதும் அதே கேட்டைத்தான் செய்யும். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஆடிக் காற்றில் காவல்கிணறு பக்கம் ஜாக்கி போடலாமா?
– வாசகர், பணகுடி

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியின் பக்கவாட்டில் அடிக்கும்போது கத்தரி ஜாக்கியை நம்ப வேண்டாம்; அது பக்கவாட்டுத் தள்ளலுக்குப் பலவீனமானது. சாலையை விட்டு இறங்கி, ஒரு கட்டடத்தின் மறைவுக்குப் போங்கள். மறைவு இல்லையென்றால் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்துங்கள். சாமானை எடுத்ததும் டிக்கியையும் கதவுகளையும் மூடிவிடுங்கள். திறந்த டிக்கிக் கதவு பாய்மரம்போல் காற்றை வாங்கும். தேசிய நெடுஞ்சாலையில் நகரவே முடியாத நிலை என்றால் 1033க்கு அழைத்து உதவி கேளுங்கள்.

எங்கள் வண்டியில் ஸ்டெப்னி அடியில் தொங்குகிறது. இறக்கும் திருகு சுற்றவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், மணப்பாடு

கடலோரத்தில் அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு உப்புக்காற்றும் ஈரமணலும்தான் எதிரி. சங்கிலியும் திருகும் துருவேறி ஒன்றாகிவிடும். நீளக் குழாய் மாட்டிப் பலத்தைக் காட்டினால் திருகின் தலை மழுங்கும் அல்லது சங்கிலி அறும். துருவிளக்கும் ஸ்பிரேயை மேலிருந்தும் கீழிருந்தும் அடித்து ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் இறுக்கும் பக்கம் சிறிதளவு, தளர்த்தும் பக்கம் சிறிதளவு என்று மாற்றி மாற்றி அசைத்தால் பெரும்பாலும் இளகும்.

இறங்கியதும் நன்னீரால் கழுவி, காயவைத்து, சங்கிலிக்கும் திருகுக்கும் கிரீஸ் போடுங்கள். இரும்பு ரிம்மின் விளிம்பையும் பாருங்கள். டயர் உட்காரும் இடத்தில் துரு செதில் செதிலாக இருந்தால் காற்று அங்கேதான் போகும். தேய்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். உங்கள் ஊருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி ஏற்றுவது அவசியம். மேலே ஏற்றியபின் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஓட்டத்தில் சங்கிலி தேயும்.

என் காரின் டயர் 185/65 ஆர்15 அலாய். ஸ்டெப்னி மட்டும் 165/80 ஆர்14, இரும்பு ரிம், 80 கி.மீ. என்று ஸ்டிக்கர். கம்பெனி ஏமாற்றுகிறதா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 185/65 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. ரிம் 15 அங்குலம், 381 மி.மீ. மேலும் கீழும் சுவரைச் சேர்த்தால் மொத்த உயரம் ஏறக்குறைய 621. ஸ்டெப்னிக்கு 132 மி.மீ. சுவர், 356 ரிம், மொத்தம் 620. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே வண்டி சாயாது, மீட்டரும் தவறாகக் காட்டாது.

வித்தியாசம் அகலத்திலும் பிடியிலும்தான். ஒரு பக்கம் 185, மறுபக்கம் 165 என்றால் மழையில் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதற்காகத்தான் 80. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்டயர் பஞ்சரானால், வேலை இரட்டிப்பானாலும், பின்னாலுள்ள நல்ல டயரை முன்னுக்குக் கொண்டுவந்து ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுவது நல்லது. பாபநாசம் மலையேற்றம் இருந்தால் கட்டாயம். சில கார்களில் அலாய்க்கும் இரும்பு ரிம்முக்கும் நட்டு வேறு. கையேட்டைப் பார்த்துத் தனி நட்டு தேவை என்றால் ஸ்டெப்னியோடு கட்டிவையுங்கள்.

ஐந்தும் ஒரே அளவாக வேண்டுமென்றால் ஐந்தாவது அலாய் வாங்கலாம். டிக்கிக் குழியில் அகல டயர் மட்டமாக உட்காருகிறதா என்று வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒன்பது வருஷ வண்டி. நாலு டயரும் மொட்டையாகிவிட்டன. ஸ்டெப்னியில் பட்டன் (தரையைத் தொடும் வரிப்பகுதி) புதிதுபோல இருக்கிறது. அதை ஓட்டத்துக்குப் போட்டு மூன்று டயர் மட்டும் வாங்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

வேண்டாம். பட்டன் தேயவில்லை என்றாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. பக்கச்சுவரில் 'டிஓடி' எழுத்துகள் உள்ள வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷம் ஒருமுறை கடைக்காரரிடம் காட்டுங்கள். பத்து வருஷம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சுவரை விரலால் மடக்கும்போது முடிபோன்ற வெடிப்புகள் தெரிந்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும்.

புது டயர் வாங்கியதும் ஐந்தையும் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுற்றில் மாற்றி வாருங்கள். ஸ்டெப்னியும் சேர்ந்து தேயும், டிக்கிக்குள் கிடந்து வீணாகாது. ஐந்தும் ஒரே அளவாக இருந்தால்தான் இது பொருந்தும். சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாற்ற முடியாது.

'ஸ்டெப்னி' தமிழா, ஆங்கிலமா?
– மாணவி, சங்கரன்கோவில்

வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் தெருப்பெயர் அது. 1904 வாக்கில் அங்கே ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச்சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயரே சக்கரத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

புதுக் காரில் ஸ்டெப்னியே இல்லை. ஒரு பாட்டிலும் சின்னக் காற்றுப் பம்ப்பும் மட்டும் தந்திருக்கிறார்கள். சட்டப்படி சரியா? மாஞ்சோலை போகலாமா?
– வாசகர், தென்காசி

சட்டப்படி சரி. 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் அடைக்கும் கிட் மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை.

பாட்டில் மருந்து, டயரின் பட்டன் பகுதியில் ஆணி, உடைமுள் குத்திய ஓட்டைக்கு மட்டும்தான், 6 மி.மீ. வரை தாங்கும். பக்கச்சுவர் கிழிந்தால் பயனில்லை. குத்திய ஆணியைப் பிடுங்காமல் மருந்தை ஏற்றி, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றுப் பிடித்து, உடனே ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால்தான் மருந்து உள்ளே பரவும். பிறகு மறுபடி அளந்து பாருங்கள். காற்று வெகுவாக இறங்கியிருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். பாட்டிலில் காலாவதித் தேதி இருக்கும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும் முன்பே மருந்து போட்டதைச் சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் சென்சாரை அவர் துடைக்க வேண்டியிருக்கும்.

மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏறும் பாதையில் கூர்க்கல் கிழிப்பது பெரும்பாலும் பக்கச்சுவரைத்தான். அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் ஒரு இரும்பு ரிம்மும் டயரும், அதோடு ஜாக்கி, ஸ்பேனர், பலகை எல்லாம் வாங்கி, டிக்கிக்குள் ஆடாமல் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு போங்கள். ரிம் வாங்கும்போது நட்டுத் துளைகளின் எண்ணிக்கை மட்டும் ஒத்தால் போதாது. துளைகளின் வட்ட அளவும் நடுத்துளையும் பொருந்த வேண்டும், பிரேக்கில் உரசாமல் சுழல வேண்டும். கடையிலேயே முன்சக்கரத்தில் ஒருமுறை, பின்சக்கரத்தில் ஒருமுறை மாட்டிச் சுற்றிப் பார்த்து வாங்குங்கள்.