பட்டி வைத்தும் திரும்ப வரும் ஜிப்சம் போர்டு விரிசல்: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் உள்சுவர்கள் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் போர்டு. கதவு நிலையின் மேல் மூலையிலும், சுவரும் சீலிங்கும் சேரும் இடத்திலும் விரிசல் விடுகிறது. பட்டி வைத்து பெயின்ட் அடித்தாலும் சில மாதத்தில் அதே இடத்தில் வந்துவிடுகிறது. இலவசமாகப் பார்க்க வந்த ஒருவர் அஸ்திவாரம் இறங்குகிறது என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த இலவசப் பார்வையை நம்பி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அஸ்திவார வேலை விற்பவரிடம் அஸ்திவாரம் சரியா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? கதவுகள் திடீரெனச் சிக்குகின்றன, தரை சாய்கிறது, விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட முன்னால் துருத்துகிறது, அல்லது அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது என்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், ஆனால் அவர் ரிப்பேர் வேலை எடுக்காதவராக இருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாத மயிரிழை விரிசலுக்கு அஸ்திவாரத்தைத் தோண்டுவது வீண் செலவு.

கதவு மூலையில் வருவதற்குக் காரணம் சாதாரணமானது. மரம் ஈரக் காலத்தில் உப்பும், வறண்ட காலத்தில் சுருங்கும், அந்த அசைவு பெரும்பாலும் கதவுத் திறப்பின் மூலையில்தான் வந்து சேரும். போர்டு இணைப்பும் அதே மூலையில் விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வெறும் பட்டிக்கு இழுவையைத் தாங்கும் பலம் கிடையாது, விரிசல் மேல் ஒட்டும் டேப்தான் தாங்கும். அதனால் உதிர்வதையெல்லாம் சுரண்டி எடுங்கள். விரிசலின் இரு பக்கமும் போர்டைச் சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், ஸ்க்ரூவின் தலை போர்டின் காகிதத்தைக் கிழிக்கக் கூடாது. அப்புறம் காம்பவுண்ட் (போர்டு இணைப்புக்கென்றே வரும் பட்டி) தடவி, பேப்பர் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒவ்வொரு கோட்டும் முந்தையதைவிட அகலமாக மூன்று கோட் பூசுங்கள். ஒவ்வொன்றும் முழுதாகக் காய வேண்டும், டப்பாவில் கலந்தே விற்கும் காம்பவுண்ட் காய ஒரு நாள் ஆகும். மெஷ் டேப்தான் (வலை மாதிரி இருக்கும் டேப்) இருக்கிறது என்றால் முதல் கோட்டுக்குத் தண்ணீரில் கலக்கும், வேதிவினையில் இறுகும் பவுடர் காம்பவுண்டே வேண்டும். மெஷ்ஷின் மேல் டப்பா காம்பவுண்டைப் பூசினால் மறுபடி விரியும்.

சீலிங் மூலை விஷயம் வேறு, இங்கே டேப்பும் தோற்கும். கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டத்தை டிரஸ் என்பார்கள். அதன் அடிச்சட்டம் இன்சுலேஷனுக்குள் (வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு) சூடாகவும் உலர்ந்தும் கிடக்கிறது, மேல்சட்டங்கள் குளிரில் ஈரம் இழுத்து நீள்கின்றன. அதனால் டிரஸ் நடுவில் மேலே வளைகிறது, கூடவே சீலிங்கையும் தூக்கிவிடுகிறது. குளிர் காலத்தில் விரிசல் திறந்து வெயில் காலத்தில் மூடுகிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் காரணம் இதுதான். எத்தனை தடவை பூசினாலும் வரும், பூசுகிறவருக்குத்தான் வருஷா வருஷம் வருமானம். அந்த மூலையில் ஒரு அலங்காரப் பட்டையைச் சீலிங்கில் மட்டும் ஆணி அடித்துப் பொருத்துங்கள், சுவரில் அடிக்கவே கூடாது. சீலிங் ஏறும்போது பட்டையும் சுவரை ஒட்டி நழுவி ஏறும், இடைவெளி தெரியாது. விரிசல் மிக மெல்லியது என்றால் பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட் போதும். சிலிக்கான் வேண்டாம், பெயின்ட் அதில் ஒட்டாது.

புது வீடு என்றால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். கட்டியவர்கள் வந்து டேப்பே இல்லாமல் பூசிவிட்டுப் போவார்கள், அது அடுத்த முறை விரியும்போது காலக்கெடு முடிந்திருக்கும், ஒப்பந்தத்தில் 'சிறு விரிசல் இயல்பு' என்று ஒரு வரியும் இருக்கும். இப்படி எழுதிக்கொள்ள எப்படித்தான் அனுமதிக்கிறார்களோ தெரியவில்லை. இப்போதே விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிப் படம் எடுத்து வையுங்கள், பெயின்ட் அடிக்கும் முன் டேப் ஒட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.