ஓட்டத்துக்குப் பின் இறுகும் சதை: குதிரை வளர்ப்போர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் பெட்டைக் குதிரைக்கு 6 வயது. ஒரு வாரம் வேலையில்லாமல் கட்டுத்தரையில் நின்றது. கம்பும் கொள்ளுமாக நாளைக்கு 4 கிலோ தீனியைக் குறைக்காமல் போட்டோம். ஞாயிறு காலை வண்டியில் பூட்டி 12 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் பின்னங்கால் இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. வியர்வை ஊற்றியது. மூத்திரம் காபி நிறத்தில் போனது. நடத்தினால் இளகும் என்றார்கள். அரை மணி நேரம் நடத்தினோம், படுத்துவிட்டது. வைத்தியம் பார்த்து இப்போது நிற்கிறது. மறுபடி பூட்டலாமுங்களா?
— வாசகர், அந்தியூர்

பதில்: இப்போதைக்குப் பூட்டவே கூடாது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் தசைச் சிதைவைக் காட்டுகின்றன. வண்டிக் குதிரைகள் அதிகம் இருந்த காலத்தில் இங்கிலாந்தில் இதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர். ஞாயிறு ஓய்வு, தீனி மட்டும் முழு அளவு, திங்கள் காலை வேலை என்று ஓடிய குதிரைகளுக்கு வந்ததால் அந்தப் பெயர்.

தசை சுருங்கும்போது அதன் செல்லுக்குள் கால்சியம் திறந்துவிடப்படுகிறது. தளர வேண்டுமானால் அந்தக் கால்சியத்தைத் திரும்ப உள்ளறைக்கு இறைக்க வேண்டும். இறைப்புக்குச் சக்தி தேவை. அது தடுமாறினால் சுருங்கிய சதை சுருங்கியபடியே நின்று, நார்கள் கிழியத் தொடங்கும். பின்சப்பையில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல குதிரைக்குப் பிசைந்த மாவு போல விரல் அமுங்கும், இதற்கு மரப்பலகை போல இருக்கும். கிழிந்த நாரிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற நிறமிதான் மூத்திரத்தைக் காபி நிறமாக்குகிறது. அது சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இந்த நிலையில் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் இன்னும் கொஞ்சம் நாரைக் கிழிக்கும். ஆகவே நின்ற இடத்திலேயே நிறுத்தி, நிழல் போட்டு, தண்ணீர் காட்டி, மருத்துவரை அங்கேயே வரவழைக்க வேண்டும். பினைல்பியூட்டசோன், ஃபுளூனிக்ஸின் போன்ற வலிமருந்துகளை உடம்பில் நீர் வற்றிய குதிரைக்குத் தாமாகக் கொடுத்துவிடாதீர்கள். அவை சிறுநீரகத்தை இன்னொரு பக்கம் தாக்கும். முதலில் நீர் ஏற்ற வேண்டும், வலிமருந்து அதன்பிறகு.

எல்லா இறுக்கமும் இந்த நோயல்ல. புரண்டு வயிற்றைத் திரும்பிப் பார்த்தால் வயிற்றுவலி. குளம்பு சுட்டு, முன்னங்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் குளம்பு அழற்சி. வாய் திறக்க முடியாமல், கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாம் இமை எட்டிப் பார்த்தால் டெட்டனஸ். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலிலும் மூத்திரம் சிவக்கும். அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. உறையாமலிருக்க மருந்து போட்ட குழாயில் ரத்தம் எடுத்து அரை மணி நேரம் நிற்க வையுங்கள். குதிரை ரத்தம் சீக்கிரம் தெளியும். மேலே நிற்கும் நீர் வழக்கமான மஞ்சளாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் தசையில். இளஞ்சிவப்பாக இருந்தால் ரத்த அணுக்கள் உடைகின்றன.

கிழிந்த தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் சி.கே., ஏ.எஸ்.டி. என்ற இரண்டு நொதிகளையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். சி.கே. ஓட்டம் முடிந்து 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, சிதைவு நின்றால் வேகமாக இறங்கும். ஏ.எஸ்.டி. ஒரு நாள் கழித்து ஏறி, வாரக்கணக்கில் நிற்கும். ஏ.எஸ்.டி. மட்டும் உயர்ந்திருந்தால் அது பழைய காயத்தின் சுவடு. சி.கே.யும் உயர்ந்தே நின்றால் சதை இன்னும் கிழிந்துகொண்டிருக்கிறது.

தானியத்தை முழுக்க நிறுத்துங்கள். வெல்லத் தண்ணீரும் வேண்டாம். கொழுக்கட்டைப்புல், சோளத்தட்டு போதும். 350 கிலோ குதிரைக்கு உலர்ந்த கணக்கில் 6 முதல் 7 கிலோ. தானாக விரும்பி நடக்கத் தொடங்கிய பிறகு கையில் பிடித்து 5 நிமிடம், காலையும் மாலையும். வசதியிருந்தால் கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) அவிழ்த்துவிடுவது இன்னும் நல்லது. சி.கே. இயல்புக்கு வந்த பின்தான் முதுகில் சேணமோ வண்டியோ. அதன்பின் தினமும் கொஞ்சமாவது வேலை இருக்க வேண்டும். வேலையில்லாத நாளில் தானியம் பாதிக்கும் கீழ். உடம்பு வற்றினால் தானியத்தைக் கூட்டாதீர்கள். தவிட்டு எண்ணெயை 50 மில்லியில் தொடங்கி மூன்று வாரத்தில் 200 மில்லிவரை ஏற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் திரும்ப வந்தால் பிறவிக் கோளாறாக இருக்கலாம். தசைத்துணுக்குப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: ஓடி வந்த சூட்டில் தண்ணீர் ஊற்றினால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்கிறார்களே?
— வாசகர், தாராபுரம்

பதில்: இழுக்காது. ஊற்றாமல் விடுவதுதான் ஆபத்து. வேலை செய்யும் தசை செலவிடும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே போகிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்பு நடந்த ஆய்வுகளிலேயே, சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றுவதால் தசைக்குக் கேடில்லை என்று தெளிவானது. பின்சப்பை உட்பட உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டுப் போகாதீர்கள், சூடு உள்ளே அடைபடும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. 41-ஐத் தாண்டினால் அவசரம்.

குடிநீரில்தான் பலர் தவறுகிறார்கள். நம் வியர்வையைவிடக் குதிரை வியர்வையில் உப்பு மிக அதிகம். லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் போகிறது. கடும் வெயிலில் மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கும். நீரும் உப்பும் சேர்ந்தே போவதால் ரத்தம் அடர்த்தியாவதில்லை, அதனால் தாகமும் எடுப்பதில்லை. 'குடிக்கவில்லை, தேவைப்படவில்லை போல' என்று நினைத்து விட்டுவிடுகிறோம். முதலில் 10 லிட்டர் வாளியில் 90 கிராம் உப்பைக் கரைத்து வையுங்கள், பக்கத்திலேயே சாதாத் தண்ணீரும். உப்பு நீரைக் குடித்த குதிரை பிறகு சாதாத் தண்ணீரையும் கூடுதலாகக் குடிக்கும். தண்ணீரே காட்டாமல் உப்பைப் பசையாக வாயில் அப்பக் கூடாது.

கேள்வி: குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய கத்தியவாரி இனக் குதிரை. எத்தனை மாதத்தில் 20 கிலோமீட்டர் ஓட்டலாம்? ஓடினால் எத்தனை நாள் ஓய்வு?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: லாரியில் நெடுந்தூரம் நின்று வந்த குதிரைக்கு முதல் வாரம் நடை மட்டும். இருதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். தசையில் மெல்லிய ரத்தக்குழாய்கள் பெருக மூன்று நான்கு மாதமாவது ஆகும். தசைநாணும் எலும்பும் இன்னும் மெதுவாகவே உரமேறும். 'மூச்சு வாங்கவில்லையே' என்று தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றினால் கால் போய்விடும். முதலில் தூரத்தை ஏற்றுங்கள், வேகம் பிறகு. நாலுகால் பாய்ச்சல் கடைசியில்.

நாடியைத் தவறாமல் பாருங்கள். இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும். ஓய்வில் 28 முதல் 44. ஒரே நாளில் 160 கிலோமீட்டர் ஓடும் உலக எண்ட்யூரன்ஸ் போட்டிகளில்கூட, நின்ற சில நிமிடங்களில் 64-க்கு இறங்காத குதிரையை மேலே விடமாட்டார்கள். உங்கள் குதிரைக்கு 20 நிமிடத்தில் இறங்கவில்லை என்றால் அன்றைய தூரம் அதிகம் என்று அர்த்தம்.

கடும் ஓட்டத்தில் தீர்ந்த தசைச் சர்க்கரையைக் குதிரை திரும்பச் சேர்க்க 48 முதல் 72 மணி நேரம் ஆகும். அதனால் மூன்று நாள் பாய்ச்சல் இல்லை. ஆனால் கட்டிப்போடுவதும் இல்லை, தினம் நடை உண்டு.

கேள்வி: ஓட்டம் முடிந்ததும் விலாப்பக்கம் 'துடுக் துடுக்' என்று துடிக்கிறது. விக்கலா?
— வாசகர், உடுமலை

பதில்: இருதயத் துடிப்போடு ஒத்துத் துடிக்கிறதா என்று பாருங்கள். ஒத்திருந்தால் ரத்தத்தில் கால்சியமும் குளோரைடும் குறைந்து, உதரவிதான நரம்பு இருதயத்தின் மின்துடிப்புக்கெல்லாம் அதிர்கிறது. உடனே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்சியத்தைச் சிரையில் மெதுவாக, இருதயத்தைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டும். குதிரைமசால் நிறையப் போடுகிறீர்களா? அதில் கால்சியம் மிகுதி. தினமும் மிகுதியாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொடுக்கும் வேலையில் உடம்பு மந்தமாகிவிடும். ஓட்டத்தன்று திடீர்த் தேவைக்குக் கிடைக்காது. மசாலைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்.

கேள்வி: சதை பலத்துக்குச் செலினியம் ஊசி நாமே போடலாமா?
— வாசகர், காங்கேயம்

பதில்: போடாதீர்கள். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மிஞ்சினால் பிடரிமயிரும் வால்மயிரும் உதிரும், குளம்பு வளையமாக வெடிக்கும், ஊசியிலேயே உயிரும் போகலாம். வைட்டமின் இ வேறு விஷயம். அது பச்சைப்புல்லில் நிறைய உண்டு, காய்ந்த தட்டில் இல்லை. மாசி முதல் வைகாசி வரை கொரங்காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில், கடும் வேலை செய்யும் குதிரைக்கு மருத்துவரைக் கேட்டு நாளைக்கு ஏறக்குறைய 1,000 யூனிட் தரலாம். எண்ணெய் கலந்த தீனியோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும்.