மைட்டாசிஸ், மியாசிஸ்: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே செல் பிரிவுதானே, பிறகு ஏன் இரண்டு பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். எதற்காக நடக்கின்றன என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

விரலில் கீறல் பட்டால் சில நாளில் புதுத் தோல் மூடிக்கொள்கிறதே, அது மைட்டாசிஸின் வேலை. 46 குரோமோசோம் (மரபுத் தகவலைத் தாங்கும் இழைகள்) உள்ள செல், அவற்றைப் படியெடுத்துக்கொண்டு ஒரே முறை பிரிகிறது. கிடைக்கும் இரண்டு செல்களிலும் அதே 46. அச்சு அசல் நகல், அவ்வளவுதான்.

மியாசிஸ் விந்தணுவையும் கருமுட்டையையும் உருவாக்க, நம் உடலில் விந்தகத்திலும் சூலகத்திலும் மட்டும் நடப்பது. இங்கேயும் படியெடுப்பது ஒரு முறைதான். ஆனால் பிரிவது இரண்டு முறை. அதனால் நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் 23. (பெண்களுக்கு அந்த நான்கில் ஒன்றுதான் கருமுட்டை ஆகும்.) இப்படிப் பாதியாகக் குறையாவிட்டால், விந்தணுவும் கருமுட்டையும் சேர்ந்து உருவாகும் கருவில் 92 ஆகிவிடுமே!

எனக்கு மிகவும் பிடித்த இடம் முதல் பிரிவின் தொடக்கம். அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோமும் அப்பாவிடமிருந்து வந்ததும் ஜோடியாக ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அப்புறம் ஒவ்வொரு ஜோடியிலும் எது எந்தப் பக்கம் போகும் என்பதும் தற்செயல்தான். அதில் மட்டுமே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். அக்கா தங்கைக்குச் சாயல் ஒத்திருந்தும் ஆள் வேறாக இருப்பது இதனால்தான்.