கண்டாங்கியும் பூவரசம்பூவும்

கேள்வி: அப்பத்தா விட்டுப்போன கண்டாங்கிச் சேலைகள் ஏழு இருக்கின்றன. நான், இரண்டு தங்கைகள், அத்தை மகள், பக்கத்து வீட்டு ஆச்சி என ஐந்து பேர் சேர்ந்து ஒரு குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்க ஆசை. எங்கள் ஊர் ஊருணி, மரம், பறவை எல்லாம் அதில் வர வேண்டும். ஆனால் ஆளுக்கு ஒரு நிறம் கேட்கிறார்கள். எனக்கென்று தனியாகவும் ஒன்று தைக்க வேண்டும். எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

சேலைகளை இன்னும் வெட்டவில்லைதானே? முதலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துவையுங்கள். அப்புறம் ஈரமான வெள்ளைத் துணியால் முந்தானையைத் தேய்த்துப் பாருங்கள். அரக்குச் சிவப்பு ஒட்டினால் அந்தச் சேலைக்கு இன்னும் இரண்டு மூன்று அலசல் வேண்டும். சாயம் விடும் துண்டு ஒன்றே ஒன்று இருந்தாலும் பக்கத்துக் கடுகு மஞ்சள் பாழாகிவிடும். நைந்த இடங்களுக்கு அடியில் மல் துணி கொடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். எல்லோரும் ஒரே நிறத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. அளவும் ஓரமும் பொதுவாக இருந்தால் போதும். ஆளுக்கு நான்கு கட்டம், ஒவ்வொன்றும் 12 அங்குலம். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட்டு 12.5 அங்குலமாக வெட்டுங்கள். 20 கட்டமும் சேர்ந்தால் நான்கடிக்கு ஐந்தடி வரும். ஓரம் முழுக்க ஒரே சேலையின் அரக்கு. உள்ளே அவரவர் விருப்பம். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் 1987-இல் தைக்கத் தொடங்கிய நினைவுப் போர்வையிலும் துண்டுக்கு மூன்றடிக்கு ஆறடி என்று அளவைத்தான் வகுத்தார்கள். ஆயிரக்கணக்கான கைகள் அதில் சேர முடிந்தது அதனால்தான்.

கட்டங்களை வளவில் பரப்பிப் பார்க்கும்போது அடியில் வெள்ளை வேட்டி விரியுங்கள். ஆத்தங்குடித் தரைக் கல்லின் பூக்கள் கண்ணைக் குழப்பும். செல்போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். மஞ்சளும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், தள்ளி நின்று பார்க்கும்போது இரண்டும் கலந்துவிடும். இரண்டில் ஒன்றுக்குப் பதிலாக இன்னும் அடர்ந்த நிறத் துண்டை வையுங்கள். நிறத்தகராறில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

பறவை கேட்பவர் மார்கழியில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வரட்டும். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத மக்கள் வாழும் இடம் அது. நத்தைகுத்தி நாரையின் வெள்ளையில் எவ்வளவு சாம்பல் கலந்திருக்கிறது என்று அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் தனிப் போர்வையில் மட்டும் ஊருணி, மரம், பறவை எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். ஒன்று போதும். நானாக இருந்தால் பூவரசம்பூவை எடுப்பேன். காலையில் மஞ்சள், நடுவில் அரக்கு. சாயங்காலத்துக்குள் சிவந்து வதங்கிவிடும். உங்கள் கண்டாங்கியின் நிறங்கள்தானே இவை! ஒரு வாரம் ஒரே மரத்தடிக்குக் காலை, மதியம், மாலை போங்கள். துணித் துண்டுகளைப் பூவின் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். கடுகு மஞ்சள் என்று நினைத்திருப்பீர்கள், பூவோ எலுமிச்சைப் பக்கம் இருக்கும். பூவைப் பூவாக வெட்ட வேண்டாம். மஞ்சளில் தொடங்கி அரக்கில் முடியும் பட்டைகளே ஒரு பகலைச் சொல்லிவிடும்.

நம் ஊர் வெயிலுக்கு நடுவில் பஞ்சு வேண்டாம், பழைய வேட்டி போதும். மேல் துணி, வேட்டி, அடித் துணி என மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுத் தையல் போட்டால் சுருக்கம் விழாது. ஆச்சியின் தையல் நீளநீளமாக இருந்தால் பிரித்துத் திருத்தாதீர்கள். பின்பக்க மூலையில் ஐந்து பேர் பெயரையும் வருடத்தையும், அவற்றுக்கு மேலே அப்பத்தா பெயரையும் நூலால் எழுதுங்கள்.