ஐந்து நாளில் பதினொரு கல்லூரி: முடியுமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மகள் 11-ஆம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. ஏப்ரல் ஸ்பிரிங் பிரேக்கில் காரிலேயே பாஸ்டன் வரை போய், ரட்கர்ஸ், பிரின்ஸ்டன், யேல், ஹார்வர்டு, எம்ஐடி உட்பட 11 கல்லூரிகளைப் பார்க்க நினைக்கிறோம். 8-ஆம் வகுப்பு மகனும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் கூட வருகிறார்கள். எப்படித் திட்டமிடுவது?

பதில்: பதினொன்று முடியாது, ஆறு முடியும். அறிமுக உரை, அப்புறம் மாணவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போகும் டூர், இரண்டும் சேர்ந்தாலே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பார்க்கிங் தேடி, சாப்பிட்டு, டிபார்ட்மென்ட் கட்டடத்தையும் எட்டிப் பார்த்தால் அரை நாள் போய்விடும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டுதான் உச்சம், அதுவும் இரண்டும் ஒரே ஊரில் இருந்தால்.

ரட்கர்ஸையும் பிரின்ஸ்டனையும் இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் உங்கள் வீட்டுக்குப் பக்கம், மார்ச்சிலேயே தனித்தனியாகப் போய் வரலாம். ரட்கர்ஸில் அடுத்த வகுப்புக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும், பிரின்ஸ்டனை நடந்தே சுற்றிவிடலாம். இதில் எது மகளுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தாலே மீதிப் பட்டியலில் பலவும் தானாக விழுந்துவிடும்.

மிச்சத்தை ரேங்க் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசமானவையாக எடுங்கள். ஹார்வர்டு, யேல், எம்ஐடி மூன்றையும் பார்க்கும் ஆசை புரிகிறது. ஆனால் அண்மை ஆண்டுகளில் அங்கெல்லாம் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. அந்த வகையில் ஒன்று போதும். அவளுடைய பாடத்துக்கு எம்ஐடி சரி.

நான் போட்டுத் தரும் வழி இது. ஞாயிறு மதியமே கிளம்பி மாசசூசெட்ஸில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் ஊருக்குப் போய்த் தங்குங்கள். திங்கள் காலை அரசுப் பல்கலைக்கழகமான யூமாஸ் ஆம்ஹர்ஸ்ட், மதியம் தனியார் கல்லூரியான ஆம்ஹர்ஸ்ட் காலேஜ். ஒரே ஊர். யூமாஸில் இளநிலை மாணவர்கள் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல், ஆம்ஹர்ஸ்ட் காலேஜில் இரண்டாயிரத்துக்கும் குறைவு. பெரிய கல்லூரியா சின்னக் கல்லூரியா என்ற கேள்விக்கு இந்த ஒரு நாளைவிட நல்ல பாடம் கிடைக்காது. செவ்வாய் பாஸ்டன் போகும் வழியில் வூஸ்டர் பாலிடெக்னிக். அங்கே ஏழு வாரப் பருவங்கள், ஒரு நேரத்தில் மூன்று பாடம்தான். புதனன்று எம்ஐடியும், படிப்புக்கு நடுவே மாதக்கணக்கில் வேலைக்கு அனுப்பும் கோ-ஆப் முறைக்குப் பெயர்போன நார்த்ஈஸ்டர்னும். அன்று காரை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு ரயிலில் போங்கள். மனசு கேட்கவில்லை என்றால் எம்ஐடி பக்கத்து கெண்டல் ஸ்டேஷனிலிருந்து ரெட் லைன் மெட்ரோ ரயிலில் இரண்டாவது நிறுத்தம் ஹார்வர்டு. மாலையில் ஒரு நடை போய் வரலாம். வியாழன் பிராவிடன்ஸில் பிரவுன், பாஸ்டனிலிருந்து 50 மைல். எல்லாரும் படித்தே ஆக வேண்டிய பொதுப் பாடங்கள் என்று அங்கே கிடையாது, 1969-லிருந்தே அப்படித்தான்.

ஏப்ரலில் இரண்டு சிக்கல்கள் உண்டு. மூன்றாவது திங்கள் மாசசூசெட்ஸில் பேட்ரியட்ஸ் டே விடுமுறை, பாஸ்டன் மாரத்தானும் அன்றுதான். அந்த வாரம் அங்கே பள்ளிகளுக்கும் லீவு. உங்கள் விடுமுறை அந்த வாரத்தில் விழுந்தால் ஹோட்டல் விலை எகிறும், டூர் இடங்களும் சீக்கிரம் தீரும். இன்னொன்று, இடம் கிடைத்த மாணவர்கள் மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதால் அவர்களுக்கான நிகழ்ச்சிகள் ஏப்ரலில் நிறைய நடக்கும். அந்த நாட்களில் சில கல்லூரிகள் வழக்கமான டூர்களைக் குறைத்துவிடும். எனவே முதலில் டூர், அப்புறம் ஹோட்டல் என்ற வரிசையில் புக் செய்யுங்கள்.

டூரை மகள் பெயரில், அவள் ஈமெயிலில் பதிவு செய்யுங்கள். மாணவர் காட்டும் ஆர்வத்தைச் சில கல்லூரிகள் இடம் தரும்போது கணக்கில் எடுக்கும், எம்ஐடி போன்றவை எடுப்பதில்லை. கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' (கல்லூரிகள் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று தேடி, அதில் சி7 என்ற அட்டவணையைப் பாருங்கள். இதைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கும்.

கிளம்புவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு கல்லூரியின் நெட் பிரைஸ் கால்குலேட்டரையும் (உதவித்தொகை போக நீங்கள் ஏறக்குறைய எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும் கணிப்பான்) போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் நிதி உதவித் திட்டங்களில் இருக்கும் கல்லூரிகள் எல்லாம் 2011 முதல் இதைத் தளத்தில் வைத்தாக வேண்டும். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேம்பஸ் மனசுக்குப் பிடித்துப்போன பிறகு பணப் பேச்சை எடுப்பது எல்லாருக்கும் கஷ்டம்.

அங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று: வேறு மேஜரில், அதாவது முதன்மைப் பாடத்தில், சேர்ந்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற முடியுமா? பல பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த மாற்றம் மிகக் கடினம். ஆம்ஹர்ஸ்ட் காலேஜ் மாதிரி இடங்களில் இரண்டாம் ஆண்டு முடிவில்தான் மேஜரையே சொல்ல வேண்டும். அதை அவளே கேட்கட்டும். அப்பாக்கள் முன்வரிசையில் நின்று சராசரிச் சம்பளம் விசாரிப்பதும், பிள்ளைகள் பின்னால் போய் ஒளிந்துகொள்வதும் எல்லா டூரிலும் நடக்கிற கூத்து.

மாமியாரை எல்லா டூருக்கும் நடக்க வைக்காதீர்கள், மேடும் படியும் அதிகம். பெற்றோரில் ஒருவர் மட்டும் மகளோடு போனால் போதும், மற்றவர் பாட்டியோடும் பையனோடும் மாணவர் மையத்தில் உட்காரலாம். நடக்க முடியாதவர்களுக்கு ஏற்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். பையனை டூரைவிட டைனிங் ஹாலுக்குக் கூட்டிப் போவது எளிது.

வெள்ளியன்று எந்தக் கல்லூரியும் வேண்டாம். காலையிலேயே பிராவிடன்ஸிலிருந்து கிளம்பி, யேலைப் பார்க்காமல் முடியாது என்றால் நியூ ஹேவனில் ஒரு மணி நேரம் இறங்கி நடந்துவிட்டு வண்டியை எடுங்கள். கனெக்டிகட்டில் ஐ-95 நெடுஞ்சாலை வெள்ளி மதியத்துக்கு மேல் நகராது. அதற்கு இணையாகப் போகும் மெரிட் பார்க்வே சாலையில் லாரிகளுக்கு அனுமதி இல்லை, ஆனால் அதுவும் அந்த நேரத்தில் பெரிதாக உதவாது.