குரைப்பு இருமலுக்குக் கொடுத்த ஒரு தடவை ஸ்டீரொயிட்

நிலாவெளியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு இரண்டு வயது, நிறை 12 கிலோ. பகலில் மூக்குச்சளி மட்டும்தான். இரவு ஒரு மணிக்கு நாய் குரைக்கிற மாதிரி இருமிக்கொண்டு எழும்பியிருக்கிறான். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை மருந்து பருக்கி, சில மணித்தியாலம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அது ஸ்டீரொயிட் என்று பிறகுதான் தெரிந்ததாம். “வளர்த்தி நின்றுவிடும் என்று மாமி பயப்படுத்துகிறா. மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை காணாது, ஐந்து நாள் கொடுங்கோ என்று குளிசை தந்திருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அந்த ஒரு தடவை மருந்தால் பிள்ளையின் வளர்த்தி குறையாது. அந்தக் குளிசையும் தேவையில்லை.

மகனுக்கு வந்தது குரூப். வைரஸ் கிருமியால் குரல்நாணுக்குக் கீழே மூச்சுக்குழாய் வீங்குகிறது. சின்னப் பிள்ளைக்கு அந்த இடத்தின் அகலமே நான்கு மில்லிமீட்டர் அளவுதான். சுற்றிவர ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் காற்றுப் போகும் வழியில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால்தான் பெரியவருக்குத் தொண்டை கட்டுவதோடு போகிற அதே கிருமி பிள்ளைக்கு மூச்சுத் திணறலைக் கொடுக்கிறது. குரூப்புக்குக் கொடுக்கிற ஸ்டீரொயிட்டான டெக்ஸாமெத்தசோன் இந்த வீக்கத்தை வற்றச் செய்கிறது. அரை மணி முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் நிற்கும். குரூப்பின் மோசமான இரவுகளும் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். அதனால்தான் ஒரு தடவையோடு நிறுத்துகிறோம். கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் கொடுப்பவர்களும் உண்டு, 0.6 கொடுப்பவர்களும் உண்டு. அக்காவின் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுத்தார்களே என்று யோசிக்க வேண்டாம்.

மாமி பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. முகம் ஊதிப்போவதும் வளர்த்தி குறைவதும் நடக்கிற விஷயங்கள்தான். ஆனால் அவை மாதக்கணக்கில் தின்றவர்களுக்கும், அடிக்கடி தின்றவர்களுக்கும் வருபவை. இந்த “அடிக்கடி” எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெயர் எழுதாத வெள்ளை உறையிலிருந்து. இருமலா, காய்ச்சலா, உடம்பு நோவா, எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று நிறத்தில் குளிசைகள். சின்னப் பிள்ளை என்றால் தூளாக்கி மடித்துத் தருவார்கள். அதில் ஒன்று ஸ்டீரொயிட்டாக இருந்தால் பிள்ளை மறுநாளே துள்ளி எழும்பும், நன்றாகச் சாப்பிடும். “அவரிட மருந்துதான் பிள்ளைக்குக் கேக்கும்” என்று தாய் அடுத்த சளிக்கும் அங்கேயே போவாள். வருசத்தில் ஏழெட்டுத் தடவை இப்படித் தின்று, கன்னம் உருண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் தாயிடம் அந்த வெறும் உறைதான் இருக்கும். ஸ்டீரொயிட் மருத்துவரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. பெயர் எழுதித் தராத எதையும் பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள். உங்களுக்குத் தந்த அந்த ஐந்து நாள் குளிசையைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறைக்கு உதவும் என்று அலுமாரியில் வைக்கவும் வேண்டாம்.

குரூப்புக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. இருமல் பாணியும் வேண்டாம். முட்டுக்குப் பிடிக்கிற மருந்துப் புகையும் இதற்கு உதவாது, அது சுவாசப்பையின் சிறு குழாய்களுக்கானது. நொச்சியிலை போட்டு ஆவி பிடிக்கப்போய்ச் சுடுதண்ணி கொட்டி வெந்த பிள்ளைகளும் உண்டு.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். சளியோ காய்ச்சலோ இல்லாமல், விளையாடிக்கொண்டோ தின்றுகொண்டோ இருந்த பிள்ளை திடீரென்று புரைக்கேறி இருமி, அதன் பிறகு அந்தச் சத்தம் வந்தால் அதைக் குரூப் என்று எண்ணாதீர்கள். கச்சான் பருப்போ, புளியங்கொட்டையோ, விளையாட்டுச் சாமானின் துண்டோ மூச்சுக்குழாயில் நிற்கலாம். ஸ்டீரொயிட் கொடுத்தால் வீக்கம் கொஞ்சம் வற்றி, இருமல் குறைந்த மாதிரித் தெரியும். கச்சான் உள்ளேயேதான் இருக்கும். அதைக் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆகவே டொக்டர் கேட்காவிட்டாலும் “கச்சான் தின்றுகொண்டிருந்தவன்” என்று நீங்களே சொல்லுங்கள். கோணேசர் கோயிலடியிலும் கடற்கரையிலும் கச்சான் சரை வாங்கும்போது சின்னவனின் கையில் கொடுக்காதீர்கள். நாலு வயது தாண்டட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. கொடுத்தது என்ன மருந்து, ஏன் ஒரு தடவை மட்டும் என்று அந்த இரவே தமிழில் இரண்டு வசனம் சொல்லியிருந்தால் நீங்கள் மருந்துக்கடைக்குப் போயிருக்கவே மாட்டீர்கள். டயக்னோசிஸ் கார்டில் வாசிக்க முடியாத ஆங்கிலத்தில் கிறுக்கி அனுப்புவதை எத்தனை கூட்டத்தில் சொல்லியும் மாற்ற முடியவில்லை. வார்டில் ஆள் பற்றாக்குறை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு வசனம் சொல்ல ஒரு நிமிடம் போதும். நீங்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். “மருந்தின் பெயரை எழுதித் தாங்கோ” என்று கேட்பது உங்கள் உரிமை.

இனி ஒரு இரவில் திரும்பவும் வந்தால் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், அழவிடாதீர்கள். அழுதால் மூச்சு இன்னும் இறுகும். சும்மா இருக்கும்போதும் கீச்சுச் சத்தம் கேட்டால், நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தால், எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தால், உதடு நீலம் பாரித்தால், பிள்ளை சோர்ந்து துவண்டால், ஓட்டோ தேடி அலையாமல் 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. நகரத்துக்கு வரும் வழியிலேயே சத்தம் குறைந்தாலும் வீட்டுக்குத் திரும்பாமல் கொண்டுவந்து காட்டுங்கள்.